யாலவில் இரண்டு மணி பத்து நிமிடம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கப்பல் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டையில் ஒரு பகல் நிற்கும்போது யால தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சிறுத்தையைப் பார்த்துவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்திலேயே கிளையில் படுத்திருக்கும் சிறுத்தையின் பெரிய படம். அதே துறைமுகத்தில் இறங்கி அதே பயணத்தைப் போய் வந்தவன் நான். கட்டுரையில் எழுதாமல் விட்டதை எழுதவே இந்தக் கடிதம்.

நான் 34 வருடம் ஸ்டேஷன் மாஸ்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது புறப்பட்டது என்று எழுதியே பழகிய கை. சுற்றுலா போனாலும் சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். போன வருடம் ஜூன் முதல் வாரம், பேத்திக்குப் பள்ளி திறப்பதற்கு முன்னால், நானும் என் மனைவியும் அவளை அழைத்துக்கொண்டு கப்பலில் போனோம். பேத்திக்கு 9 வயது. அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, சிறுத்தை. அதனால் கப்பலிலேயே விற்ற யால பயணத்துக்குப் பணம் கட்டினோம். 'முழு நாள் சஃபாரி, சிறுத்தை தரிசனம்' என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தது.

அன்றைய நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன். காலை 7.05, கப்பல் துறைமுகத்தில் கட்டியாகிவிட்டது. 8.15, இறங்க விட்டார்கள். குடியேற்றச் சோதனை, வரிசை. 9.20, பஸ் புறப்பட்டது. 10.40, பலட்டுபான என்ற இடத்தில் இருக்கும் பூங்கா வாசல். அங்கே பஸ்ஸிலிருந்து ஜீப்புக்கு மாறி, சீட்டு வாங்கி, 11.05க்குத்தான் உள்ளே நுழைந்தோம். 1.15க்கு வெளியே வந்தாக வேண்டும், ஏனென்றால் 3.30க்கு எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டும். ஆக, முழு நாள் என்று விற்ற பயணத்தில் காட்டுக்குள் எங்களுக்குக் கிடைத்தது 2 மணி 10 நிமிடம். அதுவும் உச்சி வெயிலில். யால காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடும் பூங்கா. சிறுத்தை நடமாடுவது பெரும்பாலும் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும்தான். அந்த இரண்டு வேளையும் கப்பல் பயணிக்குக் கிடையாது.

யாலவை நான் குறை சொல்லவில்லை. 1938 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் காடு அது. அதைப் பல வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அதில் முதல் வட்டாரத்தில் சிறுத்தைகள் வாழும் நெருக்கம் உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. சிறுத்தைதான் அங்கே தலைமை வேட்டையாடி. அதனால் மற்ற நாடுகளில் போலப் பதுங்கி வாழ வேண்டிய கட்டாயம் அதற்கு அவ்வளவாக இல்லை. பொறுமையாக இருப்பவர்களுக்குக் கண்ணில் படும். பொறுமைக்கு நேரம் வேண்டும், எங்களிடம் அதுதான் இல்லை.

பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். எங்கள் ஜீப் அதை மதித்து ஓடியது வாசலிலிருந்து முதல் வளைவு வரைக்கும்தான். அப்புறம் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி ஓட்டம். முன்னால் போன ஜீப்புகளின் புழுதியில் எதுவும் தெரியவில்லை. புள்ளிமான் கூட்டம், சேற்றில் படுத்த எருமைகள், குளத்தங்கரையில் வாயைப் பிளந்து கிடந்த முதலை, எல்லாம் பஸ் ஜன்னலில் ஊர்கள் போவதைப் போல ஓடிப்போயின. பேத்தி ஒவ்வொன்றுக்கும் கையை நீட்டுவாள். நீட்டிய கை மடங்குவதற்குள் அது பின்னால் போயிருக்கும்.

11.40க்கு ஒரு விஷயம் நடந்தது. பாதையின் குறுக்கே ஒரு நட்சத்திர ஆமை போய்க்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் போன ஜீப் நிற்கவே இல்லை. ஆமை இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் இருந்ததால் தப்பியது. எங்கள் டிரைவர் பிரேக் போட்டு நிறுத்திவிட்டார். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பிறகு மெதுவாக வெளியே நீட்டி, ஒரு கால், இன்னொரு கால் என்று நடக்கத் தொடங்கியது. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர்கள் வரைந்த மாதிரி இருந்தது. "மகள், சத்தம் போடாமப் பாருங்க" என்றார் டிரைவர். பேத்தி கம்பியில் தாடையை வைத்துக்கொண்டு மூச்சு விடாமல் பார்த்தாள். பின்னால் வந்த மூன்று ஜீப்புகள் ஹாரன் அடித்தன. எங்கள் ஜீப்பிலேயே ஒருவர், "ஆமையைப் பார்க்கவா இவ்வளவு பணம் கட்டி வந்தோம்?" என்று கேட்டுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு விற்றது சிறுத்தையை. ஆனால் அந்த ஆமை சாதாரணப் பிராணி இல்லை. திருட்டுத்தனமாகப் பிடித்துக் கடத்தப்படுவதால் நாளுக்கு நாள் குறைந்துவரும் இனம். 2019இல் அதன் பன்னாட்டு வணிகத்தையே தடை செய்தார்கள். அது பாதையைக் கடக்க ஆன நேரம் 4 நிமிடம். அன்று முழுவதும் நாங்கள் ஒரு விலங்கை அதன் போக்கில் பார்த்தது அந்த 4 நிமிடம்தான்.

டிரைவர் பக்கத்து ஊரான திஸ்ஸமஹாராமவைச் சேர்ந்தவர், தமிழ் பேசும் முஸ்லிம். நான் முன் இருக்கையில் இருந்ததால் பேச்சுக் கொடுத்தேன். "ஏன் இத்தனை வேகம்?" என்று கேட்டேன். "கப்பல் ஆக்கள் எண்டா இப்பிடித்தான் ஐயா. நேரத்துக்குக் கப்பலடியில கொண்டு விடோணும். சிறுத்தை காட்டாட்டி டிப்ஸ் இல்ல. நான் மெல்லப் போனா நாளைக்கு வேற ஜீப்பக் கூப்பிடுவாங்க" என்றார். பாலை மரங்கள் பழுக்கத் தொடங்கிவிட்டன, பழம் தின்னக் கரடி வரும், ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் சத்தமில்லாமல் நின்றால் பார்க்கலாம் என்றும் அவரே சொன்னார். அரை மணி நேரத்துக்கு எங்கே போவது?

12.05க்கு அவருடைய போன் அடித்தது. உடனே வண்டியைத் திருப்பினார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அங்கே ஏற்கெனவே ஜீப்புகள் அடைத்துக்கொண்டு நின்றன. எண்ணினேன், எங்களோடு சேர்த்து 23. எல்லாம் எஞ்சினை அணைக்காமல். ஒரு பெரிய மரத்தின் கிளையில் சிறுத்தை படுத்திருந்ததாம். எனக்குத் தெரிந்தது தொங்கிய வாலும் ஒரு பின்னங்காலும். பேத்திக்கு அதுவும் தெரியவில்லை, முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நான் அவளைத் தூக்கிக் காட்ட முயன்றேன். அதற்குள் இரண்டு ஜீப்புகள் இடத்துக்காக ஒன்றோடொன்று உரசி, டிரைவர்கள் சத்தம் போட, சிறுத்தை எழுந்து மரத்தின் மறுபக்கமாக இறங்கிப் புதருக்குள் போய்விட்டது. "தாத்தா, நம்ம வந்ததாலதான் அது தூங்காம எழுந்து போச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றுதான் சொன்னேன். வேறு என்ன சொல்வது? அந்த நெரிசலிலிருந்து வெளியே வர 35 நிமிடம் ஆனது.

இன்னொன்றும் போயிற்று. பூங்காவுக்குள் பட்டனங்கல என்று ஒரு கடற்கரை இருக்கிறது. ஜீப்பை விட்டுக் கீழே இறங்க அனுமதியுள்ள சில இடங்களில் ஒன்று. 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் வைத்திருக்கிறார்கள். என் மனைவி அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். பயணத் திட்டத்திலும் அந்த இடம் இருந்தது. நெரிசலில் போன 35 நிமிடத்தை ஈடுகட்ட அந்த இடத்தையே விட்டுவிட்டார்கள்.

இதை ஒரு நாள் நடந்த ஏமாற்றம் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ரயில்வேயில் வேலை பார்த்தவனுக்கு இதில் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்களிடம் காஷன் ஆர்டர் என்று ஒன்று உண்டு. பாலம் பழுது, தண்டவாள வேலை, யானை கடக்கும் பகுதி என்றால், இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இத்தனை வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று எழுதி டிரைவர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்வோம். வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருக்கும். பயணிகள் திட்டுவார்கள், மேலதிகாரி போனில் கேட்பார். அப்போதும் அந்த வேகம் மாறாது. தாமதத்தை ஈடுகட்டும் இடம் அது இல்லை. அப்படி இருந்தும் விபத்து நடக்கிறது. 2025 பிப்ரவரியில் இலங்கையிலேயே ஹபரணைப் பகுதியில் ரயில் மோதி 6 யானைகள் இறந்த செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யாலவில் வேகமாக வந்த வாகனம் மோதிச் சிறுத்தை இறந்ததும் உண்டு. துறைமுகத்தில் போன ஒரு மணி நேரத்தைக் காட்டுக்குள் வேகமாக ஓட்டி ஈடுகட்டுகிறார்கள். அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. தாமதம் கப்பலுடையது. அதற்கு விலை கொடுப்பது ஆமையும் மானும்.

கப்பல்காரர்களால் விலங்குகளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அம்பாந்தோட்டைக்குத் தெற்கே கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் பெருங்கப்பல் பாதை போகிறது. இலங்கையின் தெற்குக் கடல் நீலத் திமிங்கிலங்கள் இரை தேடும் இடம். கப்பல் மோதி அவை சாகின்றன என்று அறிஞர்கள் பல வருடமாகச் சொல்லி வந்தார்கள். 2022இல் எம்.எஸ்.சி. என்ற பெரிய கப்பல் நிறுவனம் தன் சரக்குக் கப்பல்களின் பாதையைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே தள்ளி வைத்தது. ஆயிரக்கணக்கான கொள்கலன்களைச் சுமந்து நாள் கணக்குப் பார்த்து ஓடும் கப்பல்கள் அவை. அவற்றால் சுற்றிப் போக முடிகிறது என்றால், 40 பேரை ஏற்றிப் போகும் ஒரு பஸ் பயணத்தைத் திருத்துவது பெரிய காரியம் இல்லை.

இந்த வருடம் ஜனவரியில் மறுபடி அதே துறைமுகத்துக்குப் போக நேர்ந்தது. மைத்துனர் குடும்பம் கூப்பிட்டதால் நாங்கள் இருவரும் சேர்ந்துகொண்டோம். இந்த முறை யால வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். வேன் பேசி உடவளவைக்குப் போனோம். கப்பல் நடத்தும் பயணம் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமே ஏற்பாடு செய்து போனால் காத்திருக்காது. அதனால் 3.30 என்றால் 2.30க்கே திரும்புவது என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்பினோம்.

உடவளவையில் யானைக் குட்டிகளுக்கான இடைத்தங்கல் இல்லம் ஒன்றை வனஜீவராசிகள் திணைக்களம் (நம் ஊரில் வனவிலங்குத் துறை என்போம்) 1995 முதல் நடத்துகிறது. தாயை இழந்தவை, கிணற்றில் விழுந்தவை, கண்ணியில் கால் மாட்டியவை, இப்படி வந்து சேர்ந்த குட்டிகளை வளர்த்து, ஐந்து வயது வாக்கில் கூட்டமாகக் காட்டுக்கே திருப்பி விடுகிறார்கள். இதுவரை 100க்கும் மேற்பட்டவை போயிருக்கின்றன, அவற்றில் சில காட்டிலேயே குட்டியும் ஈன்றுவிட்டன. இங்கே யானையைத் தொட முடியாது, குளிப்பாட்ட முடியாது, பக்கத்தில் நின்று படம் எடுக்க முடியாது. மனிதர்களிடம் பழகிவிட்டால் காட்டில் பிழைக்காது என்பதால் பார்வையாளர்களைத் தூரத்தில் ஒரு மேடையில் நிறுத்திவிடுகிறார்கள். குட்டிகளுக்கு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பால். அந்த நேரத்தில் மட்டும்தான் நாம் பார்க்கலாம்.

ஸ்டேஷன் மாஸ்டரான எனக்கு அந்த ஏற்பாடு அவ்வளவு பிடித்தது. மணி 12 ஆனதும் கதவைத் திறந்தார்கள். நாலைந்து குட்டிகள் காதை விரித்துக்கொண்டு, ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஓடி வந்தன. ஊழியர் ஒரு குழாயை வாயில் வைத்துப் புனலில் பாலை ஊற்றுகிறார். உறிஞ்சுகிற சத்தம் மேடை வரைக்கும் கேட்டது. குடித்து முடித்த ஒரு குட்டி நகர மாட்டேன் என்று அடம் பிடித்தது. ஊழியர் அதன் பின்பக்கத்தைத் தள்ளினார், அது சுற்றி வந்து மறுபடி வரிசையில் நின்றது. அடுத்த கூட்டம் வந்தது. மேடையில் 200 பேராவது இருந்திருப்போம். யாரும் முண்டியடிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். என் பேத்தி அங்கே இல்லையே என்பதுதான் எனக்கு இருந்த ஒரே குறை. 12.45க்குக் கிளம்பினோம், 2.20க்கு நான் கப்பல் படியில் கால் வைத்தேன்.

போகும் வழியில் பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உடவளவைத் தேசியப் பூங்காவின் ஓரமாக மின்வேலி போட்டிருக்கிறார்கள். அதற்கு அந்தப் பக்கம் சில ஆண் யானைகள் சாலையைப் பார்த்தபடி நிற்கின்றன. வண்டிகள் நின்று பழம் போடும் என்று பழகிவிட்டன. சாலையோரம் பழக் கடைகளும் வந்துவிட்டன. எங்கள் வேனிலும் பிள்ளைகள் கேட்டார்கள். மைத்துனர் பர்ஸை எடுத்துவிட்டார். நான் வேண்டவே வேண்டாம் என்று சொன்னேன். பழத்தோடு பிளாஸ்டிக் பையையும் அவை விழுங்குகின்றன. சாலையை நம்பி நிற்கும் யானை ஒரு நாள் வேலியைத் தாண்டும், அப்போது செத்துப்போவது அதுவாகவும் இருக்கலாம், வண்டியில் போகிறவராகவும் இருக்கலாம். இது சட்டத்துக்கும் விரோதம். நம் ஊர்க்காரர்கள் கோயில் யானைக்குப் பழம் கொடுக்கும் நினைப்பில் புண்ணியம் என்று செய்கிறார்கள். காட்டு யானைக்கு அது கெடுதல்.

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. யாலவுக்குப் போன அன்று எங்கள் பஸ் பூந்தலவுக்குப் பிரியும் பாதையைத் தாண்டித்தான் போனது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலில் 1990இல் சேர்ந்த இலங்கையின் முதல் ஈரநிலம் அது. களப்பும் (கடலோர உப்பங்கழி) உப்பளமும் புதர்க்காடும் சேர்ந்த இடம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் பறவைகள் வந்து தங்கும். ஒரு காலத்தில் பூநாரைகளுக்குப் பேர்போனது. பாசன நீர் களப்புக்குள் கலந்து உப்புத்தன்மை குறைந்ததால் அவை வருவது பெரிதும் நின்றுபோனது. துறைமுகத்திலிருந்து பாதி தூரம்கூட இல்லை. போக்குவரத்தில் மிச்சமாகும் நேரத்தைக் காட்டுக்குள் மெதுவாகப் போவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே சிறுத்தை கண்ணில் படுவது அபூர்வம் என்பதால் கப்பல் விளம்பரத் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

பயணம் நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மொத்தம் எத்தனை மணி நேரம் என்று போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பூங்கா வாசலுக்குள் எத்தனை மணி நேரம் என்றும் போடுங்கள். சிறுத்தையை வாக்குக் கொடுத்து விற்காதீர்கள், அது உங்கள் சரக்கு இல்லை. ஜீப் டிரைவருக்கு நாள் கூலியைச் சரியாகக் கொடுத்துவிட்டால் டிப்ஸுக்காக அவர் ஓட வேண்டியதில்லை. கப்பல் தாமதமாகக் கட்டினால் அன்று யாலவை விட்டுவிட்டுப் பூந்தலவுக்கு அழைத்துப் போங்கள், மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். சிறுத்தையைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் தனியாக வந்து திஸ்ஸமஹாராமவில் இரண்டு இரவு தங்கி, காலை 6 மணிக்கு வாசலில் நிற்கட்டும்.

வாசகர்களுக்கு ஒன்று. ஜீப்பில் ஏறியதும், "மெதுவாப் போங்க, சிறுத்தை தெரியலைன்னாலும் பரவாயில்லை, டிப்ஸ் தருவோம்" என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் டிரைவரிடம் நான் அதைச் சொன்னது திரும்பும்போதுதான். அதற்கப்புறம் வாசல் வரைக்கும் அவர் 25ஐத் தாண்டவில்லை. அந்தக் கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு இலங்கைக் காட்டுக்கோழியையும், குஞ்சுகளோடு போன ஒரு மயிலையும் பேத்தி நிதானமாகப் பார்த்தாள்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட கட்டுரைகளை வெளியிடும்போது பூங்கா திறக்கும் நேரம், துறைமுகத்திலிருந்து போய் வர ஆகும் நேரம், வறட்சிக் காலத்தில் செப்டம்பரை ஒட்டி யாலவை மூடும் வாரங்கள், இவற்றை ஒரு சின்னக் கட்டத்தில் போடச் சொல்லுங்கள். என் நோட்டிலிருந்து இரண்டு பயணங்களின் நேரங்களையும் படியெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். கடிதம் நீளம் என்று தோன்றினால் அதை மட்டுமாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர்